எல்லோரையும் சோதித்தால் பாதுகாப்பு! சிலரை மட்டும் சோதித்தால் அவமானம்!

  

தாம்பரம் சண்முகம் சாலையில் கடை வைத்திருக்கும் சகோதரரே, முதலில் உங்களிடம் ஒரு கேள்வி. வாடிக்கையாளர் ஒருவர் ஐநூறு ரூபாய் நோட்டை நீட்டுகிறார். வாங்கி, வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்க்கிறீர்கள். அவரைத் திருடன் என்று சொல்லிவிட்டீர்களா? இல்லை. அவரும் கோபித்துக்கொள்வதில்லை. ஏன்? வருகிற எல்லோருடைய நோட்டையும் நீங்கள் அப்படித்தான் பார்க்கிறீர்கள்.

இப்போது வேறொரு கடையை நினைத்துப் பாருங்கள். வரிசையில் பத்துப் பேர் நிற்கிறார்கள். ஒன்பது பேரின் நோட்டைக் கடைக்காரர் பார்க்காமலே கல்லாவில் போடுகிறார். தொப்பி போட்டவர் நீட்டிய நோட்டை மட்டும் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். இது சோதனையா? அவமானம் அல்லவா?

கொரோனா காலத்தில் இந்த நாட்டில் நடந்த பரிசோதனையின் கதை இதுதான். நம்மைச் சோதித்தார்கள், உலகமே பார்க்கும்படி! நம் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் வைத்துச் சோதித்திருக்க வேண்டிய நேரத்தில் பள்ளிக்கூடத்தையே பூட்டினார்கள். நாமோ பரிசோதனை என்ற சொல்லைக் கேட்டாலே ஓடி ஒளிந்தோம். இந்த மூன்று தவறுக்கும் விலை கொடுத்தவன் யார்? நம் வீட்டுப் பையன்!

"அதெல்லாம் முடிந்துபோன கதை, ஹஜ்ரத்" என்கிறீர்களா? 2023 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் நெருக்கடி நிலை முடிந்தது என்று அறிவித்தது உண்மை. ஆனால் 2025 ஜனவரியில் எச்.எம்.பி.வி. என்ற கிருமி தமிழகத்தில் இருவருக்கு இருக்கிறது என்ற செய்தி வந்ததும் நம் மஹல்லாவில் என்ன பேச்சு எழுந்தது? "மறுபடியும் ஸ்கூலை மூடிவிடுவார்களா?" என்றுதான் தாய்மார்கள் கேட்டார்கள். நோயைவிடப் பூட்டுக்கு அஞ்சுகிற நிலைக்கு வந்துவிட்டோம். அடுத்தது வருமுன் பேசித் தீர்க்க வேண்டிய கணக்கு இது.

நம் மீது குத்தப்பட்ட முத்திரை

2020 மார்ச் கடைசி வாரத்தை மறந்துவிட்டீர்களா? டெல்லி நிஜாமுதீன் மர்கஸுக்குத் தமிழகத்திலிருந்து சுமார் 1,500 பேர் சென்றதாகவும் அவர்களில் 1,131 பேர் திரும்பியதாகவும் மார்ச் 31 அன்று சுகாதாரத்துறை அறிவித்தது. தாமாக முன்வாருங்கள் என்று கேட்டது. நம் சகோதரர்கள் வந்தார்கள். ஊர் ஊராக, தாங்களே பெயர் கொடுத்து, தாங்களே வரிசையில் நின்று பரிசோதனை செய்துகொண்டார்கள். அதற்கு அவர்களுக்குக் கிடைத்த பரிசு என்ன? தினந்தோறும் மாலைச் செய்தியில் "டெல்லி மாநாடு" என்று தனிக்கணக்கு! பின்னர் "ஒரே மூலத் தொடர்பு" என்று பெயரை மாற்றினார்கள். ஆனால் அதற்குள் காய்கறி வண்டிக்காரரிடம்கூடப் பெயர் கேட்கிற காலம் வந்துவிட்டது.

நோய்க்கு மதச்சாயம் பூசாதீர்கள் என்று அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி சொன்னதை நாம் மறுக்கவில்லை. சொன்னார். ஆனால் எண்ணைத் தனியே எடுத்து வைத்தபிறகு, சாயம் பூசாதே என்று சொல்லி என்ன பயன்? அடுத்த மாதமே கோயம்பேடு சந்தையிலிருந்து தொற்று மாவட்டம் மாவட்டமாகப் பரவியது. அந்தக் கணக்கில் எவருடைய மதத்தையும் யாரும் தேடவில்லை. தேடவும் கூடாது! அதே நியாயத்தைத்தான் நமக்கும் கேட்கிறோம்.

2020 ஆகஸ்டில் மும்பை உயர்நீதிமன்றத்தின் அவுரங்காபாத் கிளை, வெளிநாட்டு தப்லீக் சகோதரர்கள் மீதான வழக்குகளைத் தள்ளுபடி செய்தது. அவர்கள் பலியாடு ஆக்கப்பட்டதாகவே அந்தத் தீர்ப்பு கண்டது. அவதூறு வந்த வேகத்தில் தீர்ப்பு வரவில்லை. வந்தபோது அதைத் தலைப்புச் செய்தியாகப் போட எத்தனை தொலைக்காட்சிகள் முன்வந்தன?

கடல் தாண்டி இலங்கையைப் பாருங்கள். அங்கே பரிசோதனையில் தொற்று என்று வந்தால் ஜனாஸாவை அடக்கவே விடவில்லை, எரித்தார்கள். 2020 டிசம்பரில் பிறந்து இருபது நாளே ஆன பச்சிளங்குழந்தையையும் பெற்றோர் கதறக் கதற எரித்தார்கள். 2021 மார்ச்சில்தான் ஓட்டமாவடியில் நல்லடக்கம் செய்ய வழி பிறந்தது. 2024 ஜூலையில் அந்நாட்டு அமைச்சரவை மன்னிப்புக் கேட்க முடிவெடுத்தது. எரித்த சாம்பலுக்கு மன்னிப்பு! இப்படிப்பட்ட நாட்டில் ஒரு முஸ்லிம் பரிசோதனைக்கு அஞ்சினால் அவனை அறிவிலி என்பீர்களா?

ஆக, நம் மக்களின் அச்சத்துக்குக் காரணம் உண்டு. அதை மறைக்கவில்லை. ஆனால் அந்த அச்சத்திலேயே குடியிருந்துவிட்டோமே, அதுதான் நம் தவறு. அதற்குப் பிறகு வருகிறேன்.

மதுக்கடை திறந்தது, வகுப்பறை திறக்கவில்லை

2020 மார்ச்சில் பள்ளிகள் பூட்டப்பட்டன. அதற்குப்பின் எது எப்போது திறந்தது என்று வரிசையாகப் பாருங்கள்.

அவ்வாண்டு மே மாதமே டாஸ்மாக்கைத் திறந்தார்கள். சென்னை உயர்நீதிமன்றம் மூடச் சொன்னது. அரசு உச்சநீதிமன்றம் வரை ஓடித் தடையாணை வாங்கித் திறந்தது. சென்னைக் காவல் எல்லைக்குள் ஆகஸ்ட் 18 அன்று மதுக்கடை திறந்தது. நவம்பரில் சினிமா தியேட்டர் திறந்தது. பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் எப்போது திறந்தன? 2021 ஜனவரி 19 அன்று!

இரண்டாம் அலைக்குப்பின் மறுபடியும் அதே கதை. 2021 ஜூன் 14 அன்று மதுக்கடை. ஆகஸ்ட் 23 அன்று தியேட்டர். செப்டம்பர் 1 அன்றுதான் ஒன்பது முதல் பன்னிரண்டு வரையிலான வகுப்புகள். ஒன்று முதல் எட்டு வரை படிக்கும் பிஞ்சுகளுக்கோ நவம்பர் 1. கணக்குப் போடுங்கள், வணிகர்களே! பத்தொன்பது மாதத்துக்கும் மேல்! ஒரு கடையைப் பத்தொன்பது மாதம் பூட்டி வைத்தால் அந்தக் கடை என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்லித்தர வேண்டுமா? ஆட்சி மாறியது, வரிசை மாறவில்லை. ஆகவே இது ஒரு கட்சியின் மீது மட்டும் வைக்கும் குற்றச்சாட்டு அல்ல.

திறந்தபோதாவது பரிசோதனை இருந்ததா? வாசலில் ஒருவர் நின்று நெற்றிக்கு நேரே வெப்பமானித் துப்பாக்கியை நீட்டினார். வைட்டமின் மாத்திரையும் துத்தநாக மாத்திரையும் கொடுத்தார்கள். காய்ச்சலே இல்லாமல் தொற்றைச் சுமக்கும் பிள்ளையை அந்தத் துப்பாக்கி எப்படிக் கண்டுபிடிக்கும்? கண்டுபிடிக்காது என்பது அதை நீட்டியவருக்கும் தெரியும்.

2021 மார்ச்சில் தஞ்சை மாவட்டம் அம்மாப்பேட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் ஒரு மாணவிக்குத் தொற்று தெரிந்தது. மற்றவர்களையும் சோதித்தார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்ட மாணவிகளுக்குத் தொற்று! சோதித்ததால் அல்லவா தெரிந்தது? அப்படியானால் பாடம் என்ன? எல்லாப் பள்ளிகளிலும் முறையாகச் சோதிப்போம் என்பதுதானே? அரசு எடுத்த பாடம் வேறு. மார்ச் 22 முதல் மாநிலம் முழுவதும் ஒன்பது, பத்து, பதினொன்றாம் வகுப்புகளைப் பூட்டினார்கள். அந்த நாட்களில் ஏப்ரல் 6 தேர்தலுக்கான பொதுக்கூட்டங்கள் ஆயிரக்கணக்கானோர் தோளோடு தோள் உரச நடந்துகொண்டிருந்தன. அங்கே பூட்டும் இல்லை, பரிசோதனையும் இல்லை. ஓட்டுப் போடும் வயதில்லாத பிள்ளைக்குத்தான் பூட்டு!

நம் பகுதிக்கே வாருங்கள். 2022 ஜனவரி முதல் வாரத்தில் குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் தொற்று வெடித்தது. விடுதி மாணவர்களைச் சோதித்தார்கள்; நூற்றுக்கும் மேற்பட்டோருக்குத் தொற்று என்று தெரிந்தது. தனிமைப்படுத்திக் குணமாக்கினார்கள். 2020 டிசம்பரில் கிண்டி ஐ.ஐ.டி.யிலும் இதைத்தான் செய்தார்கள். சரியான நடவடிக்கை, பாராட்டுகிறோம். ஆனால் அந்த எம்.ஐ.டி. மதிலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் அரசுப் பள்ளிகளுக்கு அதே ஜனவரியில் கிடைத்தது என்ன? ஒன்று முதல் ஒன்பதாம் வகுப்பு வரை மீண்டும் பூட்டு! பிப்ரவரி 1 வரை! பொறியியல் மாணவனுக்குப் பரிசோதனை, தோல் பதனிடும் தொழிலாளியின் மகனுக்குப் பூட்டா? இருவர் மூக்கிலும் நுழைகிற கிருமி ஒன்றுதானே?

முடியாத காரியமா?

"கோடிக்கணக்கான பிள்ளைகளைச் சோதிக்க முடியுமா?" என்று கேட்பவர்கள் உண்டு. செய்து காட்டியவர்களைப் பார்ப்போம்.

2021 மார்ச் 8 அன்று இங்கிலாந்தில் பள்ளிகள் திறந்தபோது உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் வாரத்துக்கு இரண்டு முறை துரித சோதனை செய்துகொள்ளும் ஏற்பாடு வந்தது. அங்கே 201 பள்ளிகளில் ஓர் ஆய்வும் நடந்தது. தொற்று வந்த பிள்ளையோடு பழகியவர்களைப் பத்து நாள் வீட்டுக்கு அனுப்புவது ஒரு முறை. தினமும் சோதித்துக்கொண்டே பள்ளியில் வைத்திருப்பது இன்னொரு முறை. இரண்டிலும் தொற்று ஏறக்குறைய ஒரே அளவுதான் என்று 2021 செப்டம்பரில் லான்செட் மருத்துவ இதழில் முடிவு வெளியானது. அதாவது, பிள்ளையை வீட்டுக்கு விரட்டாமலே காக்க முடியும்!

ஜெர்மனியின் நோர்டுரைன் வெஸ்ட்ஃபாலன் மாநிலத்தில் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு மூக்கில் குச்சி விடவே இல்லை. பஞ்சுக்குச்சியை மிட்டாய் போல முப்பது விநாடி சப்பச் சொன்னார்கள். வகுப்பிலுள்ள எல்லோருடைய குச்சியையும் ஒரே குழாயில் போட்டு, வகுப்புக்கு ஒரே ஒரு பி.சி.ஆர். சோதனை. தொற்று இல்லை என்றால் அத்தனை பேரும் வகுப்புக்கு வரலாம். இருக்கிறது என்று வந்தால் மட்டும் ஒவ்வொருவராகச் சோதிப்பார்கள்.

இது நம் நாட்டுக்குத் தெரியாத வித்தையா? ஐந்து பேரின் மாதிரியைச் சேர்த்து ஒரே சோதனையாகச் செய்யலாம் என்று ஐ.சி.எம்.ஆர். 2020 ஏப்ரலிலேயே வழிகாட்டியது. தமிழ்நாடோ துரித சோதனையை நம்பாமல் ஆர்.டி.பி.சி.ஆர். முறையையே பெரிதும் நம்பிய மாநிலம். அதைப் பெருமையாகவும் சொல்லிக்கொண்டது. ஆய்வகம் இருந்தது. ஆள் இருந்தது. பிள்ளைக்கு முதலிடம் என்ற எண்ணம்தான் இல்லை!

சாதாரணக் குடும்பம் தானாகப் போய்ச் சோதிக்க முடிந்ததா? 2020 ஜூனில் தனியார் ஆய்வகத்துக்கு அரசு நிர்ணயித்த கட்டணம் 3,000 ரூபாய். பல்லாவரம் சந்தையில் தரையில் துணி விரித்து வியாபாரம் செய்பவர் மூன்று பிள்ளைகளோடு எங்கே போவார்?

பூட்டியதால் தொற்றாவது நின்றதா? 2021 ஜூன், ஜூலையில் ஐ.சி.எம்.ஆர். நாடு முழுவதும் எடுத்த இரத்தப் பரிசோதனையில், பத்து முதல் பதினேழு வயதுக்குட்பட்டவர்களில் 61.6 சதவீதம் பேருக்கு எதிர்ப்புச்சக்தி உண்டாகியிருந்தது. பள்ளி பூட்டியிருந்தும் கிருமி வீடு தேடி வந்துவிட்டது. கல்விதான் வீடு தேடி வரவில்லை! 2021 ஆகஸ்டில் பதினைந்து மாநிலங்களில் ஏழைக் குடும்பங்களிடம் எடுத்த கணக்கில், கிராமத்துப் பிள்ளைகளில் 37 சதவீதம் பேர் படிப்பதே இல்லை. ஆன்லைனில் ஒழுங்காகப் படித்தவர்கள் வெறும் 8 சதவீதம்.

இனி, நம் பக்கத்துத் தவறு

அரசைச் சாடிவிட்டுக் கைதட்டல் வாங்கிப் போய்விடலாம். ஆனால் நாளை மறுமையில் அரசைப் பற்றி மட்டுமா என்னிடம் கேட்கப்படும்?

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 2020 ஜூன், ஜூலையில் என்னிடம் தொலைபேசியில் கேட்டவர்களுக்கு நான் சொன்ன பதில், "சாதாரணக் காய்ச்சல்தானே, கசாயம் குடியுங்கள். டெஸ்டுக்குப் போனால் வாசலில் தகரம் அடிப்பார்கள்" என்பதுதான். தகரம் அடித்ததும் உண்மைதான். வீட்டு வாசலில் நோட்டீஸ் ஒட்டும் வழக்கத்தை உச்சநீதிமன்றமே 2020 டிசம்பரில்தான் கட்டுப்படுத்தியது. ஆனால் என் பேச்சைக் கேட்டு ஆறு நாள் காத்திருந்தார் எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு தோல் பதனிடும் தொழிலாளி. ஏழாம் நாள் மூச்சுத்திணறலோடு ஆட்டோவில் கொண்டுபோனார்கள். திரும்பவில்லை. ஜனாஸாத் தொழுகையில் பன்னிரண்டு பேர் நின்றோம். தொழவைத்தவன் நான்.

இந்தப் பாவத்தை நான் எந்த அதிகாரியின் தலையில் கட்டுவேன்?

தவக்குல் என்று சொல்லிக்கொண்டோம். ஒட்டகத்தைக் கட்டிப்போட்டுவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்பை ஒப்படைக்கச் சொன்ன மார்க்கம் அல்லவா இது? கொள்ளைநோய் பரவிய ஊருக்குள் நுழையவும் அங்கிருந்து வெளியேறவும் நபி (ஸல்) அவர்கள் தடை விதித்தார்கள் என்பதை நாம் பயான் பயானாகச் சொன்னோம். ஷாம் தேசத்துக்குப் புறப்பட்ட உமர் (ரலி) அவர்கள், அங்கே கொள்ளைநோய் என்று கேட்டதும் வழியிலேயே நின்று முஹாஜிர்களையும் அன்சாரிகளையும் அழைத்து ஆலோசித்துத் திரும்பினார்கள். விசாரித்து அறிந்து முடிவெடுத்தார்கள்! நமக்குள் நோய் இருக்கிறதா இல்லையா என்று அறியாமல் அந்தத் தடையை எப்படி நிறைவேற்றுவது? அறிந்துகொள்வதற்குத்தானே பரிசோதனை?

இந்தப் பகுதி மக்களுக்கு இதைச் சொல்லவே வேண்டியதில்லை. தாம்பரத்துக்கும் குரோம்பேட்டைக்கும் நடுவே சானடோரியம் என்று ஒரு ரயில் நிலையம் இருக்கிறது. நோயாளிகளின் மருத்துவமனையால் பெயர் பெற்ற நிலையம்! 1928-ல் காசநோயாளிகளுக்காக டாக்டர் டேவிட் ஜேக்கப் ஆரோன் முத்து தொடங்கிய இடம் அது. பெண்ணுக்கு மாப்பிள்ளை அமையாது என்று காசநோயை மறைத்து, வீடு முழுவதற்கும் பரவவிட்ட குடும்பங்கள் எத்தனை என்று நம் பெரியவர்களைக் கேளுங்கள். மறைத்த நோய் குறைந்ததாக ஒரு வரலாறும் இல்லை.

கல்லாவுக்குப் பின்னால் நிற்கும் பையன்

மௌத்தான அந்தத் தொழிலாளிக்கு ஒரு மகன். பத்தாம் வகுப்புக்குப் போக வேண்டியவன். வீட்டில் இருந்தது ஒரே ஒரு போன். படிக்கிற பிள்ளைகள் மூன்று பேர். பள்ளியோ பூட்டிக் கிடந்தது. சும்மா இருக்கிறானே என்று ஒரு செருப்புக் கடையில் சேர்த்துவிட்டார்கள். சேர்த்துக்கொண்டவர் நம் ஜமாஅத்துக்காரர், இரக்கப்பட்டுத்தான் சேர்த்துக்கொண்டார். 2021 செப்டம்பரில் பள்ளி திறந்தபோது அந்தக் குடும்பம் அவனுடைய கூலிக்குப் பழகிவிட்டது. அவனைத் தேடி யாரும் வரவில்லை. பள்ளியும் தேடவில்லை, ஜமாஅத்தும் தேடவில்லை, நானும் தேடவில்லை.

இன்று அவன் இருபது வயது வாலிபன். சில மாதங்களுக்கு முன் வங்கிக் கடன் படிவத்தோடு என்னிடம் வந்து, "ஹஜ்ரத், இதைக் கொஞ்சம் நிரப்பிக் கொடுங்கள்" என்றான். நிரப்பிக் கொடுத்தேன். என் கை நடுங்கியது.

வணிகர்களே! அந்தக் காலத்தில் எத்தனை பையன்களை இப்படிச் சேர்த்துக்கொண்டோம்? உங்கள் மகனுக்குத் தனி போனும் தனி டியூஷனும் கொடுத்தீர்கள். உங்கள் கடையில் நின்ற பையனுக்குத் தேநீர் வாங்கி வரும் வேலை கொடுத்தீர்கள். இரக்கம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு பிள்ளையின் எதிர்காலத்தை நாள் கூலிக்கு வாங்கிவிட்டு, தர்மம் செய்தோம் என்று எழுதிவைப்பது சரியான கணக்கா?

அடுத்த முறை என்ன கேட்போம்?

அடுத்த கிருமி எப்போது என்பதை அல்லாஹ்வே அறிவான். வந்தால் ஓடி ஒளியும் சமுதாயமாக இருக்காமல், உரிமையைக் கேட்கும் சமுதாயமாக நிற்போம். கேட்க வேண்டியவை இவை:

1. பள்ளிக்கூடத்திலேயே இலவசப் பரிசோதனை. ஆசிரியரிலிருந்து ஆயா வரை முதலில், பிறகு பிள்ளைகள். ஒரு முறை 'இல்லை' என்று வந்தால் போதாது. குறித்த இடைவெளியில் திரும்பத் திரும்ப.

2. எல்லோருக்கும் ஒரே விதி. தெருவைப் பார்த்தோ பெயரைப் பார்த்தோ பொறுக்கி எடுப்பது கூடாது. 2021-ல் இந்தப் பகுதிப் பள்ளி ஒன்றில், இருமிய பையனிடம் "உன் வீட்டில் யார் ஜமாஅத்துக்குப் போனது?" என்று கேட்டு வெளியே நிறுத்தினார்கள். அந்தக் கேள்வி இனி ஒரு பிள்ளையின் காதிலும் விழக்கூடாது.

3. பெற்றோரின் சம்மதத்தோடு சோதனை. முடிவு பெற்றோருக்கு மட்டும். பெயர்ப்பட்டியல், நோட்டீஸ், வாட்ஸ்அப் பரப்பல் எதுவும் கூடாது.

4. தொற்று வந்தால் அந்த வகுப்புக்கு மட்டும் விடுப்பு. கூடையில் ஒரு தக்காளி கெட்டால் கடையையா இழுத்து மூடுகிறோம்? தக்காளியாவது குப்பைக்குப் போகும். பிள்ளையோ சில நாட்களில் குணமாகித் தன் இடத்துக்கே வந்து உட்காருவான். கடைசியாக மூடுவதும் முதலில் திறப்பதும் பள்ளியாகவே இருக்க வேண்டும்.

5. தனிமையில் இருக்கும் பிள்ளையின் வீட்டுக்குச் சத்துணவுப் பொருளும் பாடமும் போய்ச் சேர வேண்டும். தகரம் அல்ல!

2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி ஆகிவிட்டது. நமக்கென்று மாமன்ற உறுப்பினர்கள் இருக்கிறார்கள். சாலைக்கும் சாக்கடைக்கும் மனு கொடுக்கிறோமே, இந்த ஐந்தையும் எழுதிக் கொடுப்பதில் என்ன தயக்கம்?

கேட்பதோடு நம் கடமை முடியாது. முத்தவல்லிகளே, அப்படி ஒரு நாள் வந்தால் நம் மதரஸா மண்டபத்தைப் பரிசோதனை முகாமுக்குத் திறந்துவிடுங்கள். வருகிறவர் எந்த மதத்தவரானாலும் சரி. முதல் ஆளாக இமாம் குச்சியை மூக்கில் விட்டுக்கொள்ளட்டும்; பின்னால் வருகிறவரின் அச்சம் போய்விடும். நோயிலிருந்து மீண்ட தப்லீக் சகோதரர்கள் 2020-ல் மற்றவர்களுக்காகப் பிளாஸ்மா தானம் செய்ததை நாடு பார்த்தது. அவதூறுக்கு நம் பதில் அப்படித்தான் இருக்க வேண்டும்.

இளைஞர்களே! இந்த வாரமே உங்கள் தெருவில் இறங்குங்கள். 2020க்கும் 2022க்கும் இடையில் படிப்பை விட்டவர்கள் யார் யார் என்று வீடு வீடாகக் கணக்கெடுங்கள். தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுத இன்றும் வழி உண்டு. விண்ணப்பத்தை நீங்கள் நிரப்பிக் கொடுங்கள். வணிகர்களே! தேர்வுக் கட்டணம் உங்கள் பொறுப்பு. மாலையில் இரண்டு மணி நேரம் முன்னதாகப் பையனை விடுவிப்பதும் உங்கள் பொறுப்பு.

அந்தச் செருப்புக் கடைப் பையன் இப்போது வாரம் மூன்று நாள் இஷாவுக்குப் பின் என் அறைக்கு வருகிறான். கணக்குப் பாடம் எனக்கு வராது. கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவர் சொல்லிக் கொடுக்கிறார். இன்னும் இரண்டு நாற்காலி காலியாக இருக்கிறது. உங்கள் கடைப் பையனை எப்போது அனுப்பப் போகிறீர்கள்?

அல்லாஹ் நம் பிழைகளைப் பொறுத்து, நம் பிள்ளைகளுக்கு நற்கல்வியைத் தருவானாக! ஆமீன். வஸ்ஸலாம்.